துருவும் தகரமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் மூடுபனியும் விலகாத மீரியபெத்த, கொஸ்லந்தை மலைச்சரிவுகளில், பழைய மொரிஸ் மைனர் ஒன்றை வீட்டு முற்றத்திலேயே புதுப்பிக்க முற்படுகிறவன், முதலில் துருவின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காருக்குத் தனியான சேஸி கிடையாது. சரீரமே எலும்பும் ஆதலால், கதவுகளின் கீழே ஓடும் பெட்டிப் பகுதி அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். சக்கரம் வாரியிறைத்த சேறு உள்ளே தங்கி ஈரத்தைத் தேக்கிவைத்திருக்க, வெளியே வர்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் மட்டுமே தெரியும். அதைப் பட்டி பூசி மறைப்பதை நான் அதர்மம் என்றே சொல்வேன்.

தேர்ந்த தகர பாஸ், அதாவது தகட்டு வேலைக்காரர், சுத்தியலால் தட்டி ஓசையைக் கொண்டே அரிப்பின் எல்லையை அறிந்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்து வண்டியின் வடிவத்தை நிலைநிறுத்திய பின்னரே, பளிச்சென்ற நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டுகிறார். பிறகு அட்டையில் அளவெடுத்துத் தகட்டை வளைத்து, சூட்டினால் அது நெளிந்துவிடாதபடி, இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைக்கிறார். எத்தனை சிரத்தை! உட்புறத்தில் துருத்தடுப்புப் பூச்சைச் செலுத்தி, அடியில் நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட்டால், வர்ணம் அடிக்கத் தொடங்கலாம்; உட்புறத்துக்கு மெழுகு செலுத்துவது வர்ணத்துக்குப் பின்னரே.