டாக் வாங்கப் போகிறவருக்கு

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: எழுபது, எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளைத் துல்லியமாகக் கேட்க 40,000 ரூபாய்க்கு ஒரு டாக் வாங்கலாமா?

டாக் என்பது 'டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர்'. எண்களாகச் சேமித்த சங்கீதத்தை மறுபடி மின் அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சமாசாரம். சி.டி.யில் வினாடிக்கு 44,100 எண்கள்; ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒன்று. உங்கள் செல்போனுக்குள்ளேயே ஒரு டாக் இருக்கிறது. தனியாக இன்னொன்று வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கருவிகளின் விமரிசனங்களைப் படித்தால் புடவைக்கடை விளம்பரமோ என்று சந்தேகம் வரும். 'பட்டுப் போன்ற' உச்சஸ்தாயி, 'கதகதப்பான' குரல், 'திரை விலகிய' வயலின். எதோடு ஒப்பிட்டார், சத்தத்தைச் சமமாக வைத்தாரா என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. முக்கியமான விஷயமே அதுதான் சார். மேஜை மேல் வைக்கும் டாக் வழக்கமாக 2 வோல்ட் தரும். செல்போனில் செருகும் குட்டி அடாப்டர் 1 வோல்ட். அதாவது 6 டெசிபல் வித்தியாசம். காது சத்தமானதைத்தான் 'நல்லா இருக்கு' என்னும்.

2007-ல் அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் சத்தத்தைச் சமப்படுத்தி ஒரு சோதனை செய்தார்கள். உயர்தர டிஸ்க்கை நேராக ஒரு தடவை, சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒரு தடவை. எது எது என்று 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசு சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும். (சோதனையைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆடியோ பிரியர்கள் லேசில் விடமாட்டார்கள்.) அவர்களே இன்னொன்றும் கவனித்தார்கள்: அந்த உயர்தர டிஸ்க்குகள் சாதாரண சி.டி.க்களைவிட நன்றாகத்தான் ஒலித்தன. காரணம், பதிவு செய்தவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை.

உங்கள் ஊர்ப்பக்கத்து பீங்கான் பொம்மையையே எடுத்துக்கொள்ளுங்களேன். அச்சில் மூக்கு மழுங்கியிருந்தால் எத்தனை உசத்தி வர்ணம் பூசினாலும் கூர்மையாகாது. பாட்டுக்கு அச்சு, ஒலிப்பதிவு. 'ப்ரியா' (1978) காலத்துப் பாட்டுகள் டேப்பில் பதிவானவை. டேப்பின் இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் நடுவே சுமார் 70 டெசிபல் இருந்தால் அதிகம். சி.டி.க்கே 96 உண்டு. 120 என்று மார்தட்டும் டாக், டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தைப் பரம விசுவாசமாகத் தரும், அவ்வளவுதான். கேஸட்டிலிருந்து எடுத்து 'ரீமாஸ்டர்' என்று சத்தத்தை ஏற்றிவிட்ட பிரதியை ஒதுக்கிவிட்டு, மூல டேப்பிலிருந்து ஒழுங்காக எடுத்த பிரதியைத் தேடுங்கள். சிரமம்தான், செலவு குறைவு.

அப்புறம் அறை. தரையெல்லாம் பளபள டைல்ஸ், வெறும் சுவர் என்றால் எந்த டாக்கும் காப்பாற்றாது. ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்துப் பாருங்கள், குரல் தெளிவாகும்.

டாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரை இணைத்தால் 'உய்ய்' என்று இரைகிறதா, டி.வி.யில் ஆப்டிகல் அவுட் மட்டும் இருக்கிறதா? சில ஆயிரங்களில் ஒன்று வாங்குங்கள். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு. 40,000 ரூபாய்தான் என்று தீர்மானித்துவிட்டால், கடையில் சத்தத்தைச் சமமாக வைத்து, யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பார்க்காமல் கேளுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் தாராளமாகப் பில் போடச் சொல்லலாம்.