எண்ணிக்கையாகிப் போன சிப்பாய்கள்

மதராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கமாகச் சொல்வது 1758ஐ. அதன் பழைய கதையைத் தேடுகிற யாரும் லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ. ஜே. வில்சனிடம்தான் போயாக வேண்டும். மதராஸ் ராணுவத்தின் வரலாற்றை அவர் 1882 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். திண்டுக்கல்காரனுக்கு அந்தக் காலகட்டம் அன்னியமில்லை. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் கம்பெனிப் படை எங்க மலைக்கோட்டையைத் தாக்கியது. திப்புவின் ஆட்கள் முதலில் விரட்டியடித்தார்கள், மறுநாள் சரணடைந்தார்கள்.

வில்சன் கணக்கில் கெட்டிக்காரர். எந்தப் பட்டாலியன், எங்கே, எத்தனை பேர் எல்லாம் இருக்கும். ஆனா செத்தவன் வெள்ளை அதிகாரி என்றால் பெரும்பாலும் பேர் வரும். சிப்பாய் என்றால் எண்ணிக்கைதான்.

அவர் எழுதிய 1880களில்தான் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று பேசினார்கள். வில்சனின் நூலை அதற்கான பதிலாகவே நான் வாசிக்கிறேன். ஆனால் யாருக்காக வாதாடுகிறோமோ அவன் பேரையே சொல்லாத வாதம் எத்தனை தூரம் போகும்? 1920களில் மதராஸ் காலாட்படையைக் கிட்டத்தட்டக் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்த பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள்.

எங்க பக்கத்துக் கிராமங்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு எது'ன்னு கேட்டா கை காட்டுவாங்க. கூட நின்று செத்தவன் யார், எந்த ஊர்க்காரன் என்று அவருக்குத் தெரியும். ரெஜிமெண்ட் வரலாற்றின் அடுத்த தொகுதியை அந்தத் திண்ணையிலிருந்து எழுதணும். சீக்கிரம் எழுதணும், அவருக்கு வயசாகுது.