ஊர் பார்த்த படம்

ஒரு படத்தின் முதல் காட்சியை எங்கே வைப்பது என்பது வியாபாரிகளின் கவலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விமர்சனம் எழுதுகிறவனுக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஜான் ஆபிரஹாமின் ‘அம்ம அறியான்’ என்ற மலையாளப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

1984-ல் கோழிக்கோட்டில் ஜானும் நண்பர்களும் ‘ஒடேஸா’ என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார்கள். முதலாளியிடம் போகாமல் ஜனங்களிடமே காசு வாங்கிப் படம் எடுப்பது என்று தீர்மானம். ஊர் ஊராகப் போனார்கள். கொட்டடித்துக் கூட்டம் கூட்டினார்கள். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுக் கையேந்தினார்கள். 1986-ல் படம் முடிந்ததும் மறுபடியும் ஊர்களை நோக்கியே புறப்பட்டார்கள். டிக்கெட் கிடையாது, மனமிருந்தால் கொடுக்கலாம். நம் பக்கத்தில் முதல் காட்சி என்றால் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும். இவர்களுக்கோ ஒவ்வோர் ஊரிலும் ஒரு முதல் காட்சி.

கதை மிகச் சிறியது. டில்லிக்குப் புறப்பட்ட புருஷன் என்ற இளைஞன், வயநாட்டில் தூக்குப் போட்டுக்கொண்ட ஒருவனின் பிணத்தை வழியில் பார்க்கிறான். எங்கோ பார்த்த முகம். விசாரித்ததில் ஹரி என்ற தபேலாக்காரன் என்று தெரிகிறது. கொச்சியில் இருக்கும் அவன் தாயாருக்கு யார் சொல்வது? டில்லியை விட்டுவிட்டுக் கொச்சிக்குக் கிளம்புகிறான். வழியில் ஹரியை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். போய்ச் சேரும்போது அது ஒரு பெரிய கூட்டம்.

இதை நான் வீட்டில், சின்னத் திரையில், தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நடுப்பகுதி அலுப்புத் தட்டியது. மறுபடியும் ஒரு வாசல், மறுபடியும் ஒரு நண்பன், மறுபடியும் ஒரு தாயார். நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்; அடிக்கவும் வேண்டும். அந்த அலுப்பை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தப் படம் என் வீட்டுக்காக எடுத்ததல்ல. ஊர் ஊராக ஆள் சேர்த்துக்கொண்டு போகிற கதையை, ஊர் ஊராகக் காசு சேர்த்து எடுத்து, ஊர் ஊராகக் காட்டியிருக்கிறார்கள். திரையில் இன்னொருவன் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கிளம்பும்போது, தரையில் உட்கார்ந்திருக்கும் காசு கொடுத்தவனும் கூடவே கிளம்பிவிடுவான். அவனுக்கு அந்த நீளம் நீளமாகவே பட்டிருக்காது.

காசு கொடுத்தவன் நல்ல நீதிபதியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மொய் எழுதியவன் பந்தியில் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டான், வாசலைத் தாண்டும் வரையில். ஆனால் பட்டணத்து விமர்சகனிடம் இல்லாத ஒரு தராசு ஊர்க்காரனிடம் உண்டு. கல் உடைத்தே பிழைத்தவன், திரையில் இருப்பவன் சம்மட்டி பிடிப்பது சரியா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவான். என்னைப் போன்றவன் அதே இடத்தில் ஒளிப்பதிவைப் புகழ்ந்துகொண்டிருப்பேன். (வேணுவின் ஒளிப்பதிவு புகழத் தக்கதுதான்.) நாவல் எழுதுகிறவனுக்கு இந்தப் பரீட்சை வாய்ப்பதில்லை. என் புத்தகத்தை என் ஊரில் யார் படித்தார்கள், எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படம் வந்த மறு வருஷமே, 1987-ல், ஜான் கோழிக்கோட்டில் இறந்துபோனார். அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன், 1977-ல், தமிழிலும் அவர் ஒரு படம் எடுத்திருந்தார்: ‘அக்கிரகாரத்தில் கழுதை’. ஒரு பேராசிரியர், அனாதையான கழுதைக் குட்டி, அதைச் சகித்துக்கொள்ளாத ஓர் அக்கிரகாரம். சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ஆரம்பத்தில் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் தொலைக்காட்சியில் காட்டுவதாக இருந்து, எதிர்ப்புக் கிளம்பவே, அதுவும் நின்றுபோயிற்று. ஏதாவது ஓர் அக்கிரகாரத்துத் தெருக்கோடியில் வேட்டியைக் கட்டி அதைக் காட்டியிருந்தால் நிச்சயம் சண்டை வந்திருக்கும். வந்தால் என்ன? சண்டைக்கு வந்தவர்களாவது படத்தைப் பார்த்திருப்பார்கள்.