சப்பானியப் படக்கதைகளில் மகளிர் காதல்

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வாழும் நம் இல்லத்துப் பெண்மக்கள் பலர் இன்று கைப்பேசியில் சப்பானியப் படக்கதைகளை வலமிருந்து இடமாகப் படிக்கின்றனர். அவற்றுள் ‘யூரி’ என்பது ஒரு வகை. லில்லி மலரின் சப்பானியப் பெயராகிய இச்சொல், இரு பெண்களிடையே எழும் காதலைக் கூறும் கதைகளுக்கு வழங்குகிறது. ‘வெறும் தோழமைக் கதைதானே’ என்று பெரியோர் சிலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. நம் அகப்பாடல்களில் தோழி தலைவிக்கு உயிரனையாள். எனினும் அவள் வாயெல்லாம் தலைவனைப் பற்றிய பேச்சே. யூரியிலோ தோழியே தலைவியின் நெஞ்சம் நாடும் பொருளாகிறாள். இதனை நட்பென்று மழுப்புவது நூலைப் படியாமைக்கு ஒப்பாகும்.

யமகிசி ரியோகோ 1971இல் வரைந்த ‘சிரோய் ஹேயா நோ ஃபுதாரி’ இவ்வகையின் தொடக்க நூல்களுள் ஒன்று. அதில் இருவருள் ஒருத்தி மடிகிறாள். நம் கேரளத்தில் பத்மராஜன் 1986இல் எடுத்த ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ என்னும் படத்திலும், பள்ளியை விட்டோடிய இரு மாணவியர்க்கு முடிவு சாவே. இத்தகைய அன்பைச் சொல்லத் துணிந்தவர்க்கும் அதனை வாழவைக்கத் துணிவில்லை போலும்! நகதானி நியோ 2015 முதல் 2019 வரை எழுதிய ‘யாகதே கிமி நி நாரு’ இம்மரபினின்று விலகுகிறது. காதல் பாட்டுகளில் வரும் உணர்வு தனக்கேன் வரவில்லை எனத் திகைக்கும் மாணவி யூ, மூத்தவளாகிய தோகோவுடன் பழகிப் பழகியே அதனை அறிகிறாள். இறுதியில் இருவரும் வளர்ந்தபின்னும் காதலராகவே தொடர்கின்றனர். 2022இல் பிரிக்கப்பட்ட இரு பெண்களைக் கேரள உயர்நீதிமன்றம் சேர்ந்து வாழவிட்டதை அறிந்த நமக்கு, இம்முடிவு வெறுங்கற்பனையாகத் தோன்றவில்லை.

இந்நூலைத் தமிழாக்குவோர்க்கு இடர் மொழியில் உண்டு. யூ தோகோவை ‘செம்பாய்’ என்கிறாள். மூத்த மாணவி என்பது பொருள். (செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊரை ஈண்டு நினைக்க வேண்டா.) ‘அக்கா’ என்றால் காதல் உடன்பிறப்பாகிவிடும் என அஞ்சலாம். ஆனால் 1998இல் தொடங்கிய கொன்னோ ஓயுகியின் ‘மரியா-சாமா கா மிதேரு’ கதைகளில், பெண்கள் பள்ளி மாணவியர் தம் மூத்த துணையை ‘அக்கா’ என்னும் பொருள்படும் ‘ஓனே-சாமா’ என்றே அழைக்கின்றனர். ஆகவே அச்சொல்லே குற்றமன்று.

இதனினும் பெரிய இடர் வினைமுற்றில் உள்ளது. சப்பானிய வினை எழுவாயின்றியும் நடக்கும், பாலும் காட்டாது. தமிழ்ப் படர்க்கை ஒருமையிலோ ‘விரும்புகிறான்’, ‘விரும்புகிறாள்’ என்று ஒன்றைத் தெளிந்தாக வேண்டும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புப் பொறி தயங்காமல் ‘விரும்புகிறான்’ என்று தந்ததைக் கண்டோம். ஓர் ஆண்மகன் கதையுள் புகுந்துவிட்டான்! ‘விரும்புகிறார்’ என மரியாதைக்குள் ஒளியலாமெனில், பள்ளிச் சிறுமிக்கு அது பொருந்தாது. ‘விரும்புகிறாள்’ என்று எழுதுவதே நேர்மை. ‘செம்பாய்’க்கு நம் பிள்ளைகள் பள்ளியில் வழங்கும் ‘சேச்சி’யை இடுவதிலும் நமக்குத் தடையில்லை, சென்னையார் வேண்டுமானால் முகம் சுளிக்கட்டும்.