பகைவர் சீருடை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் பழமொழி. அவ்வாறாயின், தன் குலத்தை அழித்தவனின் ஆடையை விரும்பி உடுத்துவோன் பாதி அடிமை ஆகிவிடுவானோ? ஆங்கிலேயக் கலைஞர் ஜிம் நாட்டன், நமீபியாவின் ஹெரேரோ மக்களைப் படமெடுத்து 2013இல் வெளியிட்ட 'கான்ஃப்ளிக்ட் அண்ட் காஸ்ட்யூம்' என்னும் நிழற்பட நூல் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

செருமானியர் தம் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிறுத்திய படைக்குச் 'சுட்ஸ்துருப்பெ' என்று பெயர். 'காப்புப் படை' என்பது அதன் பொருள். வெப்பநாட்டுக்கென வகுத்த காக்கி உடையும், வலப்புற விளிம்பை மடித்துக் குத்திய அகன்ற தொப்பியும் அதன் அடையாளங்கள். தொப்பிப் பட்டை தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நீலம், கிழக்குக்கு வெள்ளை, காமரூனுக்குச் சிவப்பு. காப்பு என்னும் பெயர் பூண்ட அப்படையே ஹெரேரோக்களை நீரற்ற ஒமஹெக்கே வெளிக்கு விரட்டி மடிய வைத்தது. 1904 அக்டோபர் 2இல் தளபதி ஃபொன் துரோத்தா பிறப்பித்த ஒழிப்பாணை அக்கொடுமைக்கு எழுத்துச் சான்று. அதனை இனப்படுகொலை எனச் செருமானிய அரசு ஏற்றுரைக்க 2021 வரை காலம் பிடித்தது.

1915இல் செருமானியர் தோற்றுச் சரணடைந்தனர். அதன்பின் எஞ்சிய ஹெரேரோக்கள் அதே பாணியில் சீருடை தைத்து, படைப் பதவிப் பெயர்களும் சூடி, தமக்குள் அணிகள் அமைத்தனர். அவை போருக்கான அணிகள் அல்ல. ஒருவர்க்கொருவர் உதவவும், இறந்தோரை முறையாக அடக்கஞ் செய்யவும் எழுந்த அமைப்புகள். 1923 ஆகஸ்டில் தலைவர் சாமுவேல் மகரேரோவின் உடல் ஒக்காகஞ்சாவில் அடக்கமானபோது இவ்வணிகளே உடன் நடந்தன. ஆண்டுதோறும் அவ்வூர்க் கல்லறைகளை நோக்கி நடக்கும் வழக்கம் அதன் தொடர்ச்சியாகும்.

இவ்வரலாற்றோடு நோக்கினால் நாட்டனின் நிறையும் குறையும் ஒருங்கே புலனாகும். தாழ்ந்த கோணத்தில், பரந்த வானத்தின் முன், அவர் மாந்தரை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றார். இரக்கத்தை இரந்து நிற்கும் முகம் எதுவுமில்லை, இது பெருஞ்சிறப்பு. ஆனால், பல படங்களின் தலைப்பு உடையைச் சொல்கின்றதேயன்றி உடுத்தவரின் பெயரைச் சொல்வதில்லை. அணிவகுப்புப் படங்கள் சில உண்டெனினும், அவர்கள் யார் கல்லறைக்கு நடக்கின்றனர் என்பது படத்துள் இல்லை. வெறும் மணற்பரப்பில் தனித்து நிற்கும்போது சீருடை காட்சிப் பொருளாகச் சுருங்கிவிடுகின்றது.

விண்டூக் நகரில் 1912இல் நிறுவிய குதிரைவீரன் சிலையும் இதே சீருடையில் அமைந்ததே. அதன் பீடத்துப் பலகை செருமானிய மாண்டோரை மட்டுமே நினைவுகூர்ந்தது. மடிந்த ஆப்பிரிக்கருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. 2013 இறுதியில் அச்சிலை பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. வெண்கலத்தில் வார்த்த சீருடை இறங்க, ஹெரேரோக்கள் தைத்த சீருடை இன்றும் நடக்கின்றது.

எனவே தொடக்க வினாவுக்கு விடை, அடிமை அல்லர் என்பதே. ஆடை எவருடையது என்பதைக் காட்டிலும், அதனை உடுத்து எவருக்காகத் துக்கம் காக்கின்றனர் என்பதே பொருளை முடிவு செய்கின்றது. நாட்டனின் நூல் அந்த ஆடையின் அழகை நமக்குக் காட்டிற்று. அத்துக்கத்தைக் காணப் படத்திற்கு வெளியே செல்ல வேண்டியுள்ளது.