ஃபயர்வால் ‘ஆக்டிவ்’. சரி, அப்புறம்?

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு அப்பப்ப லினக்ஸ் வேலைக்குப் போவேன். சாயங்காலம் ஆனா அங்க நெட் பாதிதான் வேலை செய்யும். ஏற்கெனவே ஓடுற வீடியோ கால் அறுபடாது, புதுசா ஒரு பக்கம் திறக்காது. கேட்வேயில் யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் அடிச்சா ‘ஆக்டிவ்’னு வந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பி ரெண்டு நாள் நெட் கொடுக்கிறவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

இந்தக் கருவிகள் மேல என் புகாரே இதுதான். நிலை என்ன என்று கேட்டால் விதிகளைப் படித்துக் காட்டுகின்றன. பாக்கெட்டுகளுக்கு என்ன ஆனது என்று சொல்வதில்லை. ஐபிடேபிள்ஸுக்கு ‘எல்’ ஆப்ஷன் மட்டும் கொடுத்துப் பாருங்க. லூப்பேக்குக்கு மட்டும் போட்ட அனுமதி, யாரையும் எங்கிருந்தும் உள்ளே விடுகிற விதி மாதிரி தெரியும். இன்டர்ஃபேஸ் பெயரையே அது காட்டாது! ‘வி’ சேர்த்தால்தான் அதுவும் பாக்கெட் எண்ணிக்கையும் வரும். 2014-இல் கர்னல் 3.13-உடன் வந்த என்எஃப்டேபிள்ஸில், விதிக்குள் ‘கவுன்ட்டர்’ என்று எழுதியிருந்தால்தான் எண்ணும். வேகத்துக்காக எடுத்த முடிவு, புரியுது. ஆனா பிரச்சினை வந்த பிறகு தேடினா பழைய கணக்கே இருக்காது.

எங்க கதையில் ‘வி’ போட்டும் பயனில்லை. நிரம்பியது இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் அட்டவணை. அந்த மெஷினில் 65,536 இடமும் போயிருந்தது. நிரம்பிவிட்டால், புது இணைப்பின் பாக்கெட் ஃபில்டர் விதிகளை எட்டுவதற்கு முன்பே கீழே போடப்படும். அந்த இழப்பு எந்த விதியின் கணக்கிலும் ஏறாது. கர்னல் லாகைத் திறந்தப்பதான் ‘டேபிள் ஃபுல்’ வரி வரியா நின்னுச்சு.

கான்ட்ராக் கமாண்டிடம் எண்ணிக்கை கேட்டால் இப்போதைய எண்ணை மட்டும் தரும். உச்ச வரம்பை சிஸ்சிடிஎல்லில் தனியா பார்க்கணும். செம்பரம்பாக்கத்தில் 22 அடி தண்ணின்னா நமக்குப் பகீர்னு இருக்கு. மொத்தமே 24 அடின்னு தெரியும்ங்கிறதாலதானே?

ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப்சிடிஎல் எவ்வளவோ மேல். ‘இன்ஃபோ’ கேட்டால் ஃபயர்வால் எத்தனை நாளா ஓடுது, இப்போ எத்தனை இணைப்பு, நொடிக்கு எத்தனை தேடல், நினைவகப் பற்றாக்குறையால் எத்தனை பாக்கெட் போச்சு, எல்லாம் ஒரே திரையில் வரும். வரம்புக்கு மட்டும் அங்கேயும் தனி கமாண்டுதான், அது ஒரு குறை.

கேட்வேயில் வரம்பை ஏத்தினேன். செத்துப்போன டிசிபி இணைப்பையும் 4,32,000 விநாடி, அதாவது முழுசா 5 நாள், பிடிச்சு வச்சிருந்த இயல்பு அமைப்பை ஒரு நாளாக் குறைச்சேன். இப்போ எண்ணிக்கையையும் வரம்பையும் பக்கத்துல பக்கத்துல காட்டுற ஒரு ஷெல் வரி அங்க ஓடிக்கிட்டிருக்கு.