ஒற்று விழும் இடம்

தருமபுரி நூலக மேசைகளில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் பிழை திருத்தம்தான் எனக்கு உயிர்.

‘இது மாம்பழம் அல்ல.’ காது உறுத்தாது. எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்! ஆனால் ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கே ‘அல்ல’.

‘வேலை கொடுத்தான்’ என்றால் பிழைப்புக்கு வழி. நடுவில் ஒரு ‘க்’ விழட்டும்: ‘வேலைக் கொடுத்தான்’. கைக்கு வந்தது முருகனின் வேல்! வேற்றுமை உருபு ‘ஐ’ வெளிப்பட்டதும் வல்லினம் மிகுந்துவிடுகிறது. எத்தனை சின்ன எழுத்து, எவ்வளவு பெரிய வேலை.

நேற்று ஒரு பெண் ‘ஒவ்வொரு ஊர்களிலும்’ என்பதை ‘ஊரிலும்’ என்று திருத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனாள். விரல் நின்றது. திரும்பி வந்து, ‘ஒவ்வொரு’வை அடித்து ‘ஒவ்வோர்’ என்று எழுதினாள்.